நூறு கிலோவும் ஒரு முதலெழுத்தும்

இதைப் படிக்கும் நீங்களே சாட்சி. வேறெவரையும் நான் அழைக்கவில்லை. எனக்கு உடலை உருவாக்கித் தந்த மனிதரை, ஓர் அரங்கம் சிரிப்பதற்காக நான் விற்றேன்!

அப்பொழுது நான் எலும்பும் குரலுமாக இருந்தேன். மாட்டுங்காவின் தமிழ்ப் பட்டிமன்றங்களில் பேசிப் பரிசு வாங்கும் குரல். ஒலிவாங்கிக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும் உடம்பு. புஜம் திரள வேண்டுமென்ற ஆசையை எவரிடமும் சொல்லாமல், தாராவியில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில், தகரக்கூரை போட்ட மாடி ஜிம்மில் சேர்ந்தேன்.

முதல் நாள், எடை மாட்டாத வெறுங்கம்பியே என் மார்பின்மேல் இறங்கி அசைய மறுத்தது. அதனடியில் இரண்டு விரல்களைக் கொடுத்து உயர்த்தியவர் இசக்கி அண்ணன். நெல்லைக் குடும்பம், தோல்பைப் பட்டறையில் வேலை; என் மேடைப் பேச்சைக் கேட்டிருந்தவர்.

“வெயிட்டு அப்புறம்லே. மொதல்ல ஃபார்மு, தூக்குத மொற,” என்றார். “மேடையில மூச்ச அடக்கி வுடுதேல்லா, அத இங்க வுடு.”

மாலைதோறும் கற்பித்தார். வடாபாவை விடச் சொன்னார். முட்டையும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் உண்ணச் சொன்னார். தம் டப்பாவிலிருந்தே பாதியை என் பக்கம் தள்ளுவார். மெல்ல மெல்ல என் சட்டைக்கை இறுகியது.

அப்படிக் கடலை மென்றபடி இருந்த ஒரு மாலையில், தமக்கு எழுத்தே ஏறவில்லை என்றார். பெயரைக்கூட எழுதத் தெரியாதாம். பள்ளியில் எல்லாரும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பை எதிர்த்து நிமிர்ந்து நிற்கத்தான் கம்பியைப் பிடித்தாராம்.

“யார்ட்டயும் சொல்லிராத,” என்றார். தலையசைத்தேன்... ஆம், தலையசைத்தேன்!

பிறகு வந்தது அந்தப் பட்டிமன்றம். வாழ்வை உயர்த்துவது உடல் வலிமையா, அறிவு வலிமையா? நான் அறிவின் அணி. அண்ணன் ஜிம் பையன்களைத் திரட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தார். எனக்கு முன்பு பேசிய எதிரணிப் பெண், எங்கள் வாதங்களை ஒன்றுவிடாமல் உடைத்திருந்தாள். எனக்குத் தோற்றுப் பழக்கமில்லை...

“எங்கள் ஜிம்மில் ஒருவர் இருக்கிறார். நூறு கிலோவைத் தூக்குவார். தம் பெயரின் முதலெழுத்தைத் தூக்கித் தாளில் வைக்க அவரால் முடியாது!”

அரங்கம் அதிர்ந்தது. எங்கள் ஜிம்மில் நூறு கிலோ தூக்குபவர் ஒருவரே. பையன்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் திரும்பினார்கள். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

வாய் தவறி வந்த சொல்லா அது? இல்லை. நாற்காலியிலிருந்து ஒலிவாங்கிவரை நடக்கையிலேயே அதைச் செதுக்கிவிட்டேன்!

மறுநாள் முதல் அவர் மாலையில் வரவில்லை, விடியற்காலைக்கு மாறிவிட்டாராம். நான் தனியே தூக்கினேன். புஜம் திரண்டது; தோள் விரிந்தது... கண்ணாடியில் புதியவன் ஒருவன் நின்றான். அவனை யாரிடம் காட்டுவது?

ஒரு விடியலில் ஜிம்மின் படிக்கட்டில் காத்திருந்தேன். பயிற்சி முடித்து அவர் வெளியே வந்தார். அடுத்த மேடையிலேயே, ஊரறிய அவரிடம் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னேன்.

அவர் துண்டைத் தோள் மாற்றிக்கொண்டார். “அதுக்கும் கைதட்டுவாங்கல்லா,” என்றார். “பேசுங்க.”

அதுவரை என்னை அவர் ‘நீங்கள்’ என்று அழைத்ததே இல்லை.

அவர் இறங்கிப் போய்ச் சந்து திரும்பினார். ஆளற்ற படிகளை நோக்கி உரக்கச் சொன்னேன்: “இனிமே எந்த மேடையிலயும் ஒங்களப் பத்திப் பேச மாட்டேன், அண்ணே.”