இருபத்தாறு டிகிரி

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வெளியே தெருவில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. லாட்ஜுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது ஒரு ஏர் கூலர். அதன் பின்பக்கத் தட்டு கழற்றப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து இரண்டு பச்சைத் தோட்டக்குழாய்கள் கிளம்பி, வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் இருந்த மீன்தொட்டிக்குள் இறங்கின. கூலரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. அந்தப் பொட்டை எனக்குத் தெரியும். முந்தின வாரம்வரை அந்தக் கூலர் பின்கட்டு அறையில், பக்கவாதம் வந்து படுத்திருந்த பெரியவரின் கால்மாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவர் அந்த லாட்ஜைக் கட்டியவர். இப்போது நடத்துவது அவருடைய மகன். எங்கள் பத்திரிகையின் மாவட்ட அலுவலகம் என்பது அந்த லாட்ஜின் முதல் மாடியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறைதான். அதனால் ஊராரைப்போல நானும் மகனை ‘முதலாளி’ என்றே அழைத்தேன். தொட்டியில் இருந்தது ஒரே ஒரு மீன். வெள்ளிநிறம், முழங்கை நீளம், தாடையில் இரண்டு மீசை. வாஸ்து மீன் என்பார்கள். வீட்டுக்கு வரும் கண்டத்தை அது தன்மேல் வாங்கிக்கொண்டு செத்துவிடும் என்பது நம்பிக்கை. கீழ்பென்னாத்தூர் சாலையில் முதலாளியின் பைக் லாரிக்கு அடியில் போயும் அவர் சிராய்ப்போடு எழுந்து வந்த அன்றுதான் இதற்கு முந்தின மீன் செத்ததாம். லாட்ஜில் அறை கேட்டு வருபவர்களிடம் சாவியைத் தருவதற்கு முன்பே இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்.

அந்த ஆண்டு கத்திரி தொடங்கியதுமே மீன் இரை எடுப்பதை நிறுத்தி, மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. தொட்டித் தண்ணீர் முப்பத்துநான்கு டிகிரியைத் தொட்டிருந்தது. முதலாளி ஐஸ்கட்டி போட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அப்புறம்தான் கூலருக்குக் கை போனது. தொட்டித் தண்ணீரை மோட்டார் உறிஞ்சிக் கூலரின் புல்தட்டிகள்மேல் விடும். தட்டியின் வழியே காற்று பாயும்போது தண்ணீர் குளிர்ந்து கீழ்த்தட்டில் சேரும். அங்கிருந்து மறுபடி தொட்டிக்குப் போகும். வேலை செய்தது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. இரண்டாம் நாள் வெப்பமானி இருபத்தாறு காட்டியது. முதலாளி என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். “இத பேப்பர்ல போடுங்க சார். சொந்த மூள. எந்த இன்ஜினியரும் வரல.” நான் போடவில்லை.

அந்த வரவேற்பறையின் நாற்றத்தைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு இன்றும் தயக்கம் உண்டு. சாப்பிடும்போது யாராவது படிக்கக்கூடும். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட கோழி ஈரலும் கலந்த தண்ணீர் நாள் முழுக்கப் புல்தட்டியில் ஊறியது. தட்டி முதலில் பச்சையாகி, பிறகு கறுத்து, விரலால் தொட்டால் கோழைபோல் இழுபட்டது. அதன் வழியாக வந்த காற்றைத்தான் மின்விசிறி கிரிவலம் வந்தவர்களின் முகத்தில் அடித்தது. விபூதி பூசிய குடும்பங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டன. மீன் தேறியதும் பசி வந்துவிட்டது. அறைகளில் பிடித்த கரப்பான்பூச்சிகளை முதலாளி ஊறுகாய் ஜாடி ஒன்றில் சேர்த்து வைத்து, மீசையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவார். மீன் துள்ளிக் கவ்வும்போது அவர் முகத்தில் தெரிந்த கனிவை, அதே முகத்தில் பின்கட்டு அறை வாசலில் நான் பார்த்ததில்லை.

அந்தப் பின்கட்டு அறைக்கு மேலே தளம் இல்லை, ஆஸ்பெஸ்டாஸ். ஒரு ஜன்னல், அதுவும் மேற்கே. மதியத்துக்குப் பிறகு சுவரில் கை வைக்க முடியாது. மின்விசிறி சுழன்று அந்தச் சூட்டையே கீழே இறக்கியது. பெரியவருக்கு வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சு பாதி வந்தது. முதுகில் ரப்பர் விரிப்பு வேர்வையோடு ஒட்டிக்கொள்ளும். கூலர் இருந்த இடத்தில் தரையில் ஒரு சதுரத் தண்ணீர்க்கறை மட்டும் மிஞ்சியிருந்தது. லாட்ஜுக்குள் முட்டைகூட வரக்கூடாது என்று ஒரு காலத்தில் எழுதி ஒட்டியவர் அவர். இப்போது சுவர் உச்சியில் இருந்த வென்டிலேட்டர் திறப்பு வழியாக மீன்வாடை அவர் தலைமாட்டில் இறங்கியது. நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் வாயைக் கோணிக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார். “மீனு... சாப்டுச்சா?” கேலியா, கவலையா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. முதலாளியிடம் இரண்டு முறை சொன்னேன். “அவருக்குச் சளி புடிச்சுக்கும் சார். வயசானவங்களுக்குக் குளிர்ச்சி ஜாஸ்தி ஆவாது” என்றார். கூலருக்கு எதிரே உட்கார்ந்திருந்த முதலாளியின் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

கூலரை வாங்கிக் கொடுத்தவர் பெரியவரின் மகள். முதலாளிக்கு அக்கா, பெங்களூரில் இருப்பவர். பௌர்ணமிக்கு வந்தார். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே பார்த்துவிட்டார். அப்பாவின் அறைக்குள் போய்த் திரும்பி வந்தவர், நேரே சுவிட்சை அணைத்தார்.

“டேய், இது யாருக்கு வாங்கனதுடா?”

“அக்கா, ஆஃப் பண்ணாத. மீனு செத்துடும். செத்தா குடும்பத்துக்கே ஆவாது.”

“அங்க காத்து வரல, நாத்தம் மட்டும் வருது. எடுத்து உள்ள வை.”

“கத்திரி முடியட்டும்க்கா. முடிஞ்ச அன்னிக்கே கழட்டிக் குடுத்துடறேன்.”

“கத்திரி முடிஞ்சப்புறம் கூலர் எதுக்குடா? போத்திக்கினு படுக்கவா?”

மேசைக்கு முன்னால் சாவிக்காக நின்றிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் முதலாளியைக் கொஞ்சம் அசைத்தது. நாளைக்கே அப்பாவுக்குப் புதுசாக வாங்கிவிடுவதாக மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அண்ணாமலையார் மேல் ஆணையாகச் சொன்னதை இந்த ஊரில் யாரும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பதில்லை. அக்காவும் கேட்கவில்லை. கிரிவலம் முடித்து, அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறினார். சாயங்காலம் அறைக்கு வந்தது ஒரு டேபிள் ஃபேன். சுவிட்சை முதலாளி மறுபடியும் போட்டிருந்தார்.

கத்திரி முடியும் முன்பே பெரியவர் போய்விட்டார். மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோன வேலைக்கார அம்மாள்தான் முதலில் பார்த்தார். மருத்துவர் வயதைக் காரணமாகச் சொன்னார். அதற்கு மேல் எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. அக்கா வந்து சேரவேண்டும் என்பதால் உடலுக்கு ஃப்ரீசர் பெட்டி வரவழைத்தார்கள். பின்கட்டு வழி குறுகல்; பெட்டி நுழையவில்லை. வரவேற்பறையிலேயே, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அங்கே பவர் பிளக் ஒன்றுதான், அதில் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்காரர் கூலரைப் பிடுங்கப் போனார். முதலாளி அழுதுகொண்டிருந்தார். அழுகையின் நடுவே தலையை நிமிர்த்தி, “அத எடுக்காதீங்க. பக்கத்துக் கடையில எக்ஸ்டென்ஷன் வாங்கியாங்க” என்றார். வாங்கி வந்தார்கள். இரண்டும் சேர்ந்து ஓடின. மாலை போட வந்தவர்கள் பெட்டியின் கண்ணாடி வழியாக ஒரு முகத்தையும், தொட்டியின் கண்ணாடி வழியாக இன்னொன்றையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பத்திரிகை வேலையில் எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பாதியில் எழுந்து வெளியே வந்து நின்றது அங்கே மட்டும்தான். நாற்றம் ஒரு காரணம். இன்னொன்று, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் முதலாளி சொன்னது. “இவ்ளோ பாத்துக்கினேன். அப்பா கண்டத்த இது வாங்கிக்கல, பாருங்க.” மீனைக் காட்டிக் குறைபட்டுக்கொண்டார். கடன் வாங்கித் திருப்பித் தராத ஆளைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது குரல். அக்கா வந்து இறங்கியபோதும் முதலாளி அதையே சொன்னார். அக்கா பெட்டியின்மேல் கவிழ்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு எழுந்து, முகத்தைத் துடைத்து, தம்பியைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

“நீதான் அத சாவ உடலயே. அப்புறம் எப்படிடா வாங்கிக்கும்?”

முதலாளி யோசித்தார். அந்த யோசனையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவமானமோ வலியோ அவர் முகத்தில் இல்லை. கணக்கு எங்கே பிசகியது என்று பார்ப்பவரின் முகம் அது.

அந்த மாதமே அலுவலகத்தை வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டோம். போன வாரம் அடி அண்ணாமலையில் ஒரு செய்திக்குப் போய்த் திரும்பும்போது, பாக்கியிருந்த பழைய மேசை ஒன்றை எடுக்க அந்த லாட்ஜுக்குள் போனேன். பிற்பகல்தான், அதே தார், அதே வெயில். மீன் இன்னும் ஒரு சாண் வளர்ந்திருந்தது. தொட்டியும் பெரிதாகியிருந்தது. கூலரில் புதுத் தட்டி. புதுப் பொட்டு. பின்கட்டு அறையில் இப்போது தட்டுமுட்டுச் சாமான்கள். முதலாளி எழுந்து வந்து நலம் விசாரித்தார். தேநீர் சொல்லவா என்றார். வேண்டாம் என்றேன்.

தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பமானி இருபத்தாறு டிகிரி காட்டியது.