பாத்ரூம் வரைக்கும் ஒரு கயிறு

போன வாரம் குமாரபாளையம் போயிருந்தேன். துக்கம் விசாரிக்க. என் சித்தப்பா மகள் செல்வியின் கணவர் தங்கராசு இறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. காய்ச்சலில் படுத்திருந்ததால் எடுத்த அன்றைக்கு என்னால் போக முடியவில்லை.

தங்கராசு இருபது வருஷம் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி முதலில் ஒரு கண்ணைக் கொண்டுபோனது. பிறகு அடுத்ததையும்.

நாலு மாநிலம் சுற்றிய மனிதர்... வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாத்ரூமுக்குப் போக மனைவியின் கையை எதிர்பார்க்க வேண்டும். செல்வியோ தறி ஓட்டப் போகிறவள். பகலெல்லாம் யார் இருக்கிறார்கள்?

அதனால் பின்வாசல் தூணிலிருந்து பாத்ரூம் பக்கத்து இரும்புக் கம்பம் வரை ஒரு நைலான் கயிறு கட்டினாள். பிடித்துக்கொண்டே போய் வரலாம் அல்லவா?

முதல் நாளே கம்பத்தில் போட்ட முடிச்சு வழுக்கி இறங்கிவிட்டது. மனிதர் குப்புற விழுந்தார். முழங்கையெல்லாம் ரத்தம். செல்வி அழுதாளாம். அவர் சிரித்தாராம்.

"முடிச்சா இது? கம்பத்துக்கு மாலை போட்டாப்புல இருக்குது. கயித்தக் குடு புள்ள."

கம்பத்தைக் கையால் தடவினார். ஒரு சுற்று. அதன் குறுக்கே ஏறி இன்னொரு சுற்று. குறுக்கே போன கயிற்றுக்கு அடியில் நுனியை நுழைத்து ஓர் இழு. அவ்வளவுதான்! லாரிக்குத் தார்ப்பாய் கட்டிப் பழகிய கைக்குக் கண் எதற்கு?

"இப்ப இழுத்துப் பாரு."

பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். அசையவில்லை. அன்றைக்கு அவர் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாராம்.

மறுநாள் கேட்டார்.

"முன்னால கேட் வரைக்கும் ஒண்ணு கட்டிக்கட்டுமா புள்ள? அங்க போயி நின்னா போறவங்க வாரவங்க ஒரு வார்த்தை பேசுவாங்க."

செல்வி எனக்கு போன் செய்தாள். ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவள் ஆயிற்றே நான்!

"வேண்டவே வேண்டாம்டி. பஸ் போற ரோடு. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

மிச்சக் கயிற்றைப் பரணில் போட்டுவிட்டாள். அவர் அப்புறம் கேட்கவே இல்லை. எட்டு மாசம்... பின்வாசல், பாத்ரூம், கட்டில். ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

"கேட் வரைக்கும் கட்ட உட்டிருக்கலாமுங்க அக்கா," என்றாள் செல்வி.

"நான்தானேடி வேண்டாம்னேன்..."

"உங்கமேல என்னங்க அக்கா தப்பு? எனக்கும் பயம்தானுங்க. நீங்களும் அதையே சொன்னதும் நிம்மதியாப் போச்சு. ஆனா, உங்களுக்குப் பயமா இருக்குதான்னு அவருகிட்ட நாம கேக்கவே இல்லீங்களே..."

'பத்திரம்' என்று நாம் சொல்வதில் பாதி, நம்முடைய பயம்தான். அதற்கு விலை கொடுப்பது மட்டும் வேறு யாரோ.

ஆறுதல் சொல்லத்தான் போனேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.