எடை குறைந்து பிறந்தவள்

எட்டாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குழந்தைக்கு மாதத்துக்கேற்ற வளர்ச்சி இல்லை, நஞ்சுக்கொடி வழியாகப் போகிற இரத்தம் குறைந்துவிட்டது, வெளியே எடுத்துவிடுவதே நல்லது என்றார். ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடக் கணவர் ஊரில் இல்லை. அவர் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தார்; கடலுக்குள் போய்விட்டால் கரை திரும்பும்வரை போன் கிடைக்காது. தக்கலையிலிருந்து அப்பா வந்து கையெழுத்துப் போட்டார். அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள்.

மகள் பிறந்தாள். கைகால்களில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளுக்குப் பாலைப் பிழிந்து கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மா என்னை அருகில் உட்காரவைத்துச் சொன்னார்.

"எடை கூடிரும், அதுக்குப் பயப்படாண்டாம். ஆனா வயித்துக்குள்ள சாப்பாடு குறைஞ்சா, பிள்ளை கிடைக்கியத முதல்ல மூளைக்கும் இதயத்துக்கும் குடுத்திரும். மத்ததெல்லாம் மெலிஞ்சு போவும். நெஞ்செலும்புக்குப் பின்னால ஒரு சுரப்பி உண்டு. நோயை எதுக்கிற அணுக்கள் அங்கதான் பழகி வெளிய வரும். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அது சின்னதா இருக்கும். நமக்கு வாற சாதாரண சளிகூட இவளுக்கு ஆபத்தா முடியலாம்."

"அப்போ என்ன செய்யணும் டாக்டர்?"

"தாய்ப்பால் மட்டும் குடுங்க. கொஞ்ச மாசத்துக்கு ஆட்களை அண்ட விடாதீங்க. காய்ச்சல் வரட்டும்னு காத்திருக்காதீங்க. பால் குடிக்காம இருந்தாலோ, உடம்பு குளுந்து போனாலோ உடனே கொண்டு வாங்க."

முட்டத்தில் எங்கள் தெருவில் ஒரு பிள்ளை பிறந்தால் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு யாரும் உள்ளே வருவதில்லை. நேரே உள்ளே வருவார்கள், தூக்குவார்கள், கன்னத்தில் முத்தமிடுவார்கள். நான் கதவைச் சாத்தி வைத்தேன். முதலில் வந்தவள் கணவரின் அக்கா, நான் மைனி என்று கூப்பிடுகிறவள். மீன் சந்தையிலிருந்து நேராக வந்திருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"மைனி, சளி மாறினப்பிறகு வாங்க. டாக்டர் சொல்லியிருக்கு."

"எனக்க தம்பிக்க பிள்ளைய நான் பாக்கப்பிடாதா? நாங்க பெத்து வளக்கல்லியா?"

"பாக்கலாம் மைனி. இப்ப வேண்டாம்."

அவள் முகம் கறுத்துப்போனது. கொண்டுவந்த பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அதன் பிறகு தெருவிலிருந்து யாரும் வீட்டுக்கு வரவில்லை. ஞானஸ்நானத்தையும் தள்ளிப்போட்டதால், படித்த திமிர் என்று பேச்சு நடந்தது. ஊர்த் திருவிழாவின்போது பேண்டு வாத்தியம் எங்கள் வாசலைக் கடந்துபோனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகளை நெஞ்சோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு பகல் முழுக்க இருப்பேன். என் குரல் எனக்கே கேட்டு நாளாகிவிட்டதென்று தோன்றும்போது அவளிடம் ஏதாவது பேசுவேன். கணவர் கரைக்கு வந்தால் போனில் அழைப்பார். "எல்லாரும் வந்து பாத்தாவளா?" என்று கேட்பார். "வந்தாவ" என்பேன்.

ஒரு மத்தியானம் மகள் மார்பைத் தேடவில்லை. வாயில் வைத்தாலும் உறிஞ்சாமல் கிடந்தாள். காய்ச்சல் இல்லை. பாதத்தைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. வயிற்றைத் தொட்டேன், அங்கும் சூடில்லை. தக்கலையிலிருந்து அப்பா வரும்வரை காத்திருக்க முடியாது. மைனிக்குப் போன் செய்தேன்.

"மைனி, பிள்ளை பால் குடிக்கல்ல."

"கதவத் திறந்து வை" என்று மட்டும் சொன்னாள்.

ஆட்டோவோடு வந்தாள். முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டியிருந்தாள். என்னைப் பின்னால் ஏற்றிவிட்டு, தான் டிரைவரோடு முன் இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை பின்பக்கம் திரும்பவே இல்லை. "மூச்சு இருக்காடி?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தாள். "இருக்கு மைனி" என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. தாமதிக்காமல் கொண்டுவந்தது நல்லது என்றார் டாக்டரம்மா. மகள் மீண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் போனாள். ஊசி மருந்து ஏற ஏற உடம்பில் சூடு வந்தது. சில நாளில் உதடு குவித்துப் பாலைத் தேடினாள். மைனி வார்டுக்கு வெளியே, வராந்தாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து எனக்குச் சோறு வரும், பேச்சு வராது. கதவை மூடியதை அவள் மன்னிக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடியும் அதையேதான் செய்திருப்பேன்.

மகள் தேறினாள். தடுப்பூசிகள் ஒவ்வொன்றாகப் போட்டு முடிந்தன. டாக்டரம்மா, இனி எல்லோரும் தூக்கலாம் என்றார். கணவர் விடுமுறையில் வந்தபோது அவரைக் கண்டு வீறிட்டு அழுதாள். என் முகத்தைத் தவிர வேறு முகம் அவளுக்குப் பழக்கமில்லை. இப்போது ஓடியாடும் வயதில் அவளுக்குத் தெருவெல்லாம் கூட்டாளிகள். மைனி வீட்டில்தான் பாதி நேரம் இருக்கிறாள். சாயங்காலம் அவள் விளையாடப் போன பிறகு வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால், கதவைத் திறக்க எழுந்து போக எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.