தொட்டுப் பார்க்க வருகிறவர்கள்

அழகான சாமான் விற்கிறவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு: கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாங்க வருவதில்லை, தொட்டுப் பார்க்க வருகிறார்கள்.

திருத்தணி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என் கடை. கம்ப்யூட்டரில் படம் வரைகிறவர்களுக்கான பேனாப் பலகை, பாடுகிறவர்களுக்கான மைக், வீடியோ எடுக்கிறவர்களுக்கான விளக்கு, ஹெட்போன், கீபோர்டு இவைதான் சரக்கு. சென்னையில் இப்படி ஒரு ஷோரூமில் சேல்ஸ் கேர்ளாக வேலை பார்த்தேன். மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய் வந்து அலுத்த பிறகு, இதையே ஊரில் விற்றால் என்ன என்று ஆரம்பித்தேன். மலைக்குப் போகிறவர்கள் வழி கேட்க நிற்பார்கள். அப்படியே கண்ணாடி அலமாரியைப் பார்த்து, “இது இன்னாங்க, இவ்ளோ அழகா கீது?” என்பார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். அதைக் கேட்டுவிட்டு மலை ஏறப் போய்விடுவார்கள். நீங்களும் கவுண்டருக்கு உள்பக்கம் நிற்கிறவர் என்றால் இந்த வலி உங்களுக்கும் தெரியும். ஆனால் சிலர் வந்து போனது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

சத்தம் போடும் கீபோர்டு

தாலுகா ஆபீஸ் எதிரில் மனு டைப் செய்து கொடுப்பவர் கஸ்தூரி. ஒருநாள் மத்தியானம் வந்து, அலமாரியில் இருந்த கீபோர்டுகளை எல்லாம் வரிசையாகத் தட்டிப் பார்த்தார். கடைசியில், யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஒன்றின் மேல் கையை வைத்தார். பழைய டைப்ரைட்டர் மாதிரி உருண்டைப் பொத்தான்கள், வெளிர்பச்சை நிறம். கதை எழுதுகிறவர்கள் ஆசையாக வாங்குவார்கள் என்று நான் வரவழைத்தது. பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ‘டக்’கென்று சத்தம். வீட்டில் குழந்தை தூங்காது என்று வாங்கினவர்கள்கூடத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அதையும் மறைக்காமல் சொன்னேன்.

கஸ்தூரி அதைக் கீழே வைக்கவில்லை. முந்தின நாள் அவரிடம் மனு எழுத ஒரு அம்மா வந்தாராம். புருஷன் செத்த பிறகு நிலத்தைக் கொழுந்தன் தன் பேருக்கு மாற்றிக்கொண்டுவிட்டான். அதைச் சொல்லி அழுதுகொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தி, “நான் பேசினு இருக்கறேன், நீ பாட்டுக்குத் தடவினு இருக்கறியே” என்று எழுந்து போய்விட்டார். கஸ்தூரி அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார். லேப்டாப்பில் தட்டினால் சத்தம் வராதே, அந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை ஓடிப்போய்க் கூட்டி வந்தாராம். கீபோர்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நாம சொல்றது எங்கனா போய் விழுதான்னு அவங்களுக்குத் தெரியணும்ங்க. சத்தம் கேட்டா, விழுதுன்னு நம்புவாங்க.”

பலகையைத் திருப்பி வைத்தோம்

பள்ளிப்பட்டிலிருந்து ஒருவர் துணிப்பையில் பேனாப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். பேர் முனிரத்தினம். அவர் மனைவி பத்மா சேலை பார்டருக்கு டிசைன் போடுகிறவர். மயில், மாங்காய், கோபுரம் என்று பலகையில் வரைந்து தறிக்காரர்களுக்கு அனுப்புவார். பலகை என்னிடம் வாங்கினதுதான். “திருப்பி எடுத்துக்குவீங்களா? காசு குடுக்காட்டியும் பரவால்ல. வூட்ல கண்ணுல பட்டா அழுவுறா” என்றார். பத்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வயசு ஒன்றும் ஆகிவிடவில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

“இடது கை நல்லா இருக்குதில்ல?” என்று கேட்டேன். “ஆங், இருக்குது” என்றார், அதனால் என்ன என்கிற மாதிரி. இடது கைக்காரர்களுக்கு அந்தப் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, கம்ப்யூட்டரில் ஒரு இடத்தில் மாற்றினால் போதும், பொத்தான்கள் அந்தப் பக்கம் போய்விடும். மறுவாரம் பத்மாவை வண்டியில் பின்னால் உட்கார வைத்து, விழாமல் இருக்கத் துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக் கூட்டி வந்தார். திருப்பி வைத்துக் கொடுத்தேன். பத்மா இடது கையால் ஒரு கோடு இழுத்தார். அது கோழி கிளறின மாதிரி போனது. இன்னொரு கோடு, அதுவும் அப்படியே. பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு, ஏன் வரச் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

முனிரத்தினம் குனிந்து பேனாவை எடுத்தார். அவரே உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். மயிலாம். பூசணிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. பத்மா மெல்லத் திரும்பிப் பார்த்தார். வாய் ஒருபக்கம் கோணியிருந்ததால் பேச்சு குழறித்தான் வந்தது. “பாவா, இதுவா மயிலு?” என்றார் புருஷனிடம். பிறகு இடது கையை நீட்டிப் பேனாவை வாங்கி, கழுத்தை மட்டும் அழித்து வேறு போட்டார். நடுங்கிய கோடுதான், ஆனால் மயில் கழுத்து. பலகையை அன்றைக்கே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ரொம்ப நாள் தகவல் இல்லை. விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்தேன். ஒருநாள் முனிரத்தினம் மட்டும் மூச்சிரைக்க உள்ளே வந்தார். பேனா முனையில் ஒரு சின்ன நிப்பு இருக்கும், வரைய வரையத் தேயும். அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. “நிப்பு தேஞ்சிபோச்சுங்க. வரைஞ்சி வரைஞ்சித் தேச்சிட்டாங்க!”

காதைப் பொத்திய கை

ஆடிக் கிருத்திகைக்குக் கொஞ்ச நாள் முன்னால், நகரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். பெண்ணுக்குப் பெரிய சத்தம் என்றால் ஆகாது. பஸ் ஹாரன் அடித்தால் தரையில் உட்கார்ந்து அலறுவாள். ஆனால் அவளுக்காக வேண்டிக்கொண்ட காவடி பாக்கி இருக்கிறது. பம்பை உடுக்கை நடுவில் அவளை எப்படி மலைக்குக் கூட்டிப் போவது? பாட்டுக்கு ஒலி சேர்க்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் ஹெட்போன் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தத்தை முழுக்க நிறுத்தாது, அமுக்கிவிடும் என்று சொன்னேன்.

அம்மா அதைப் பெண்ணின் தலையில் மெல்ல மாட்டினார். அந்த நேரம் பார்த்து ரயில் கூவிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் வந்தது. அம்மா சட்டென்று குனிந்து மகளைக் கட்டிக்கொண்டார். பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா பிடியை விலக்கிக்கொண்டு நேரே அலமாரிக்குப் போய், கண்ணாடிக்குள் இருந்த மஞ்சள் நிற ஸ்பீக்கரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா விரித்த கையோடு என் பக்கம் திரும்பினார். “பொறந்ததுலருந்து இவ காதைப் பொத்திகினுதான் நின்னுகினு இருந்தேன்மா. இப்ப இந்தக் கைக்கு இன்னா வேலைன்னே தெரியல.”

ஏழுமலையின் பெட்டி

திருவிழாவில் மைக் பிடித்து அறிவிப்பு சொல்லும் ஏழுமலையின் குரலைக் கேட்காதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. கூட்டத்தில் காணாமல் போன குழந்தைகளின் பேரையும் சட்டை நிறத்தையும் அவர் சொல்லும்போது, அலறிக்கொண்டிருக்கும் பெற்றவர்கள்கூடக் கொஞ்சம் அமைதியாவார்கள். அவர் தன் மனைவி சரோஜாவோடு வந்து, “நல்ல மைக் ஒண்ணு வேணும்மா” என்றார். குரல் கரகரத்தது. தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். “ஊருக்கெல்லாம் பேசியாச்சு. வூட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிக்கலாம்னு வந்தேன்” என்றார்.

மியூசிக் போடும் பையன்கள் வாங்குகிற பொத்தான் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி; தொட்டால் ஒவ்வொரு சதுரமும் ஒரு நிறத்தில் ஒளிரும். தாளத்தைப் பதிந்து வைத்து, அமுக்கினால் ஒலிக்கும். தாளத்துக்குப் பதில் பேச்சைப் பதிந்தால் என்ன? கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ரயில் இல்லாத நேரம் பார்த்துப் பதிந்தோம். முதலில் அவர் திருவிழாக் குரலில் கம்பீரமாக, “எனக்குப் பசிக்கிறது” என்றார். சரோஜா, “வூட்ல இப்படியா பேசுவ?” என்று அதட்டினார். அதற்குப் பிறகுதான் அவருடைய வீட்டுக் குரல் வந்தது. ‘ஆங்.’ ‘வேணாம்.’ ‘யாரு வந்துகிறாங்க?’ ‘சரோ, கொஞ்சம் இங்க வா.’ கடைசியாகச் சொன்னது மட்டும் பாதியில் உடைந்துவிட்டது. மறுபடி எடுக்கலாமா என்றேன். சரோஜா, “அப்படியே இருக்கட்டும்” என்றார்.

ஆபரேஷன் முடிந்து, உடம்பு தேறி, இருவரும் கடைக்கு வந்தார்கள். கழுத்தில் துண்டு, தோளில் துணிப்பை, பைக்குள் பெட்டி. “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பைக்குள் கையை விட்டு அமுக்கினார். “நல்லா இருக்கறேன். நீங்க எப்படி இருக்கீங்க?” என்றது அவருடைய பழைய குரல். எதிரில் நிற்கிற மனிதரின் உதடு அசையவில்லை. அலமாரியில் எதையோ தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். சரோஜாதான் பேச்சை மாற்றினார். ஒரு புகார் சொல்லத்தான் வந்தாராம். பெட்டியில் ஏதாவது கோளாறா என்று பதறினேன். இல்லையாம். ஏழுமலை தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரிக்க, சரோஜா சிரிக்காமல் சொன்னார்: “எல்லாத்தையும் நல்ல வார்த்தையாவே பேசி வெச்சிட்டாரும்மா. ஒரு சண்டைன்னா திருப்பிப் பேச இதுல ஒண்ணுகூட இல்ல. தெனம் நான்தான் ஜெயிச்சிகினு இருக்கறேன், எனக்குப் புடிக்கவே இல்ல.”

சாமான் வந்த பெட்டிகளின் மேல் கம்பெனிக்காரன் அச்சடித்திருக்கும் உபயோகங்களில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. தெரிந்தால் அதற்கும் சேர்த்து விலையை ஏற்றிவிடுவான் என்று நானும் அவனிடம் சொல்லாமல் இருக்கிறேன்.