பாத்ரூமில் வந்திறங்கிய ஆறுமணிக் குருவி

வாரத்தில் எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைத் தூங்கியே தீர்ப்பதுதான் என் வழக்கம். தேர்வாய் கண்டிகையில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் வேலை. தண்ணி பாட்டில் மூடி, ஆயில் கேன் மூடி, இருமல் மருந்து மூடி என்று வாரம் முழுக்க மூடிகளை முறைத்துப் பார்த்து, கோணலாக இருப்பதைப் பொறுக்கித் தள்ளுகிறவளுக்கு, தன் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பதைவிடப் பெரிய சுகம் கிடையாது.

அந்த ஐப்பசி ஞாயிறும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். ராத்திரியெல்லாம் மழை. காலையில் பல் விளக்கிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளலாம் என்று பாத்ரூம் கதவைத் திறந்தேன். பக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பறவை நின்றுகொண்டிருந்தது.

மைனா அளவுதான் இருக்கும். முதுகு பச்சை, மார்பு சந்தன நிறம், அடிவயிற்றில் குங்குமத்தைக் கொட்டியதுபோல் சிவப்பு. இறக்கை ஓரத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு நீலம். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை; திருவிழாவுக்கு மை போடப் போய் யாரோ கையைத் தட்டிவிட்டதுபோல் காதுவரை இழுபட்டிருந்தது. இவ்வளவு சீர் செய்தவர்கள் வாலுக்கு வந்தபோது துணி தீர்ந்துபோயிருக்கும் போல. குட்டியாக, வெட்டிவிட்ட மாதிரி இருந்தது. நீண்ட கால்களில் விறைப்பாக நின்று, லேட்டாக வந்தவளைப் பார்க்கும் சூப்பர்வைசர் மாதிரி என்னைப் பார்த்தது.

பாத்ரூம் லைட்டை அணைக்காமல் தூங்குவது என் வீட்டுக்காரரின் பிறவிக் குணம். மேலே கண்ணாடி போடாத ஜன்னல் ஒன்று உண்டு. மழையில் வழி தவறியது வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே விழுந்திருக்க வேண்டும். நான் கதவைச் சாத்திவிட்டுப் படுக்கப் போயிருக்கலாம். அந்த நேரம் பார்த்து என் மாமியார் பின்னால் வந்து நின்றார்.

என் மாமியாரைப் பற்றியும் என் அம்மாவைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு பேரும் அப்போது ஒரே வீட்டில் இருந்தார்கள். எங்கள் வீடு பெரியபாளையத்துக்குப் பக்கத்தில். அம்மா செவ்வாப்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருப்பவள். அவளுக்குக் கண் புரை ஆபரேஷன் நடந்தது. அண்ணனும் அண்ணியும் காலையிலேயே ரயிலைப் பிடித்து வேலைக்கு ஓடிவிடுவார்கள். சொட்டு மருந்து விட ஆள் இல்லை. அதனால் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குனியக் கூடாது, தலையில் தண்ணீர் படக் கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அந்தக் கண்ணாடியோடு எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தால், எலெக்‌ஷனில் நிற்கப்போகிறவள் மாதிரி இருக்கும்.

எங்களுடையது கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்த காதல். அவர்தான் டிரைவர். இரண்டு குடும்பமும் ஒரே சனம்தான். இரண்டு பக்கமும் ஒரு காலத்தில் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டவர்கள்தான். ஆனால் நாங்கள் கிறிஸ்தவர்கள், அவர்கள் பவானியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கல்யாணம் சர்ச்சிலா கோயிலிலா என்று இழுத்து இழுத்து, கடைசியில் ரிஜிஸ்தர் ஆபீசில் முடிந்தது. இரண்டு பக்கமும் தோற்றுவிட்டதாக நினைத்ததால் சம்பந்திகள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டே அம்மா என்னிடம், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி உங்க அத்தையிடம் சொல் என்பாள். குறைத்துவிட்டதாக உங்கள் அம்மாவிடம் சொல் என்று அத்தை என்னிடமே சொல்வார். நான் இரண்டையும் சொல்வேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை. எனக்கு இன்னும் குழந்தை இல்லை. பேரனோ பேத்தியோ பிறந்தால் வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவதாக அத்தை வேண்டிக்கொண்டிருந்தார். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாச ஜெபம். என் ஒரு வயிற்றுக்காக இரண்டு மதங்கள் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தன.

இப்படிப்பட்ட வீட்டில்தான் அந்தப் பறவை வந்து விழுந்தது.

அத்தை எட்டிப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்துகீறா. பச்சப் பட்டு கட்டிக்கினு, குங்குமம் வச்சிக்கினு வந்துகீறா பாரு" என்றார். கற்பூரம் எடுக்க ஓடினார்.

சத்தம் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்தவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். நான் அதட்டினேன். அவள் காதில் வாங்கவே இல்லை. அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல வருஷமாக எல்லாவற்றையும் கலங்கின டீத்தண்ணி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, புதுக் கண்ணில் விழுந்த முதல் நீலம் அந்த இறக்கையில் இருந்த நீலம்தான். "இவ்ளோ நீலமா கீது" என்றாள். அதில் மட்டும் கடவுள் யாரும் இல்லை. அடுத்த நொடியே சுதாரித்துக்கொண்டு, பரிசுத்த ஆவியானவர் இறங்கும்போது பறவையாகத்தான் இறங்கினார் என்று உங்க அத்தையிடம் சொல் என்றாள்.

அது வெள்ளைப் புறா என்று எனக்கே தெரியும், இதில் வெள்ளை எங்கே இருக்கிறது என்று உங்கள் அம்மாவிடம் கேள் என்றார் அத்தை.

பாத்ரூம் வாசலில் ஒரு பக்கம் கற்பூரம், ஒரு பக்கம் ஸ்தோத்திரம். நடுவில் பிரஷ்ஷும் கையுமாக நான். கக்கூஸ் தனியாகப் பின்பக்கம் இருந்ததால் எங்கள் மானம் பிழைத்தது. குளியல் மட்டும் யாருக்கும் இல்லை.

ஆனால் இரண்டு பேரும் சொல்லி முடித்த இடம் ஒன்றுதான். ஒருத்தர் தாய் வந்தாள் என்றார், ஒருத்தி பரலோகத்திலிருந்து வந்தது என்றாள். சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் வயிற்றைப் பார்த்தார்கள். நான் நைட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பெனி பஸ்ஸே சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, குருவி வந்தால் குழந்தை வருமா என்றேன். பஸ் ஓட்டுகிற மனுஷர் அப்போதுதான் எழுந்து வந்து, காலையிலேயே தன்னை எதற்குத் திட்டுகிறேன் என்று கேட்டார்.

அவர் போனில் படம் பிடித்துத் தேடிப் பார்த்தார். ஆறுமணிக் குருவி என்று பேர் வந்தது. தோட்டக்கள்ளன் என்றும் ஒரு பேர். காலையும் சாயங்காலமும் ஆறு மணி வாக்கில் கூவுமாம். இமயமலை அடிவாரக் காட்டிலிருந்து குளிர்காலத்துக்கு இந்தப் பக்கம் வருமாம். ராத்திரியில் பறந்து, களைத்துப்போய் வீடுகளுக்குள் விழுவது உண்டாம். மரத்தில் உட்காருவதைவிடத் தரையில் சருகைக் கிளறிப் பூச்சி, மண்புழு தின்று பிழைக்கிற ஜாதியாம். எங்கள் கம்பெனிக்கும் வடக்கிலிருந்துதான் ஆட்கள் வருகிறார்கள். இது கான்ட்ராக்டர் இல்லாமல் தானாகவே வந்திருக்கிறது என்றார் அவர்.

மண்புழு தின்கிற சமாச்சாரத்தை அத்தை நம்பவில்லை. ஆத்தா புழு தின்ன மாட்டாள் என்று சொல்லி ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். அம்மா பன்னைப் பிய்த்துப் பாலில் நனைத்து வைத்தாள். குருவி இரண்டுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பொங்கலில் எச்சம் போட்டது. அம்மாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கறுப்புக் கண்ணாடியால்கூட மறைக்க முடியவில்லை. நகர்ந்து வந்து பன்னிலும் போட்டது.

மத்தியானத்துக்குள் அது சோர்ந்துவிட்டது. இறகை உப்பிக்கொண்டு மூலையில் பந்து மாதிரி உட்கார்ந்துவிட்டது. அதுவரை எனக்கு அது ஒரு பேஜாராகத்தான் இருந்தது. தலை தொங்குவதைப் பார்த்ததும் சும்மா நிற்க முடியவில்லை. இவ்வளவு தூரம் பறந்து வந்து, பவுடர் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் பட்டினியாகவா சாக வேண்டும்? கொல்லைப்பக்கம் வாழைக்கடியில், பாத்திரம் கழுவின தண்ணீர் போகிற இடத்தில், கரண்டியை எடுத்துக்கொண்டு தோண்டப் போனேன். தூறல் நிற்கவில்லை. மூடி பொறுக்கிப் பழகின கைக்குப் புழு மாட்டவில்லை. மண்தான் வந்தது.

திரும்பிப் பார்த்தால் அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களைக்கொட்டோடு வருகிறார். ஆத்தா புழு தின்ன மாட்டாளே என்றேன். வந்த இடத்தில் கிடைப்பதைத் தின்பாள், நீ நகரு என்றார். அடுத்த நிமிஷம் அம்மா. தலையில் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணாடியோடு, குனிந்து தோண்டப் பார்க்கிறாள். தன் பறவைக்கு அடுத்தவள் சோறு போட்டுவிடக் கூடாது என்கிற வீம்பு. நான் கத்தினேன். உள்ளே போம்மா, ஆபரேஷன் பண்ண கண்ணு போயிடும் என்று. அவள் குனியாமல் குந்தி உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் குந்தக் கூடாது என்று சொல்லவில்லையாம்.

அத்தை கொத்தினார், அம்மா மண்ணைக் கிளறிப் புழுவை எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டாள். சேடை ஓட்டிச் சேறாக்கின கழனியில் காலம் முழுக்க நின்ற இரண்டு பேருக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பேச்சில்லாமல் வேலை நடந்தது. மழைத்துளி பட்டு அம்மா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் அத்தை வாயைத் திறந்தார்.

"கண்ண தொடாதீங்க சம்மந்தி. கையெல்லாம் சேறு."

சொல்லிவிட்டுத் தன் முந்தானையின் உலர்ந்த நுனியால் அம்மாவின் கன்னத்தை ஒற்றினார். எல்லாம் என் வழியாக வராமல் நேராகப் போனதில் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

சிரட்டையைப் பாத்ரூம் தரையில் வைத்துவிட்டுக் கதவு இடுக்கில் மூன்று பேரும் தலையை நுழைத்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு புழு சிரட்டையை விட்டு வெளியே நெளிந்தது. குருவியின் தலை திரும்பியது. ஒரு தத்து, இன்னொரு தத்து. பிடித்து, தரையில் இரண்டு அடி அடித்து, விழுங்கியது. விழுங்கிவிட்டு அந்த மொட்டை வாலை மேலும் கீழும் ஆட்டியது. அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நல்ல நேரத்தைத்தான் கெடுத்தார்கள். தின்ன ஆரம்பித்துவிட்டது, இனி அடுத்த ஆடிக்குள் தொட்டில் கட்ட வேண்டியதுதான் என்றார் அத்தை. ஆமென் என்றாள் அம்மா. பவானியம்மன் வாக்குக்கு என் அம்மா ஆமென் சொன்னதை அவளே கவனிக்கவில்லை.

காலையிலிருந்து தூக்கமில்லை, நாஷ்டா இல்லை, குளியல் இல்லை. என்னையும் அறியாமல் வாயைத் திறந்துவிட்டேன்.

"ஆத்தாவும் தள்ளிப்போடல, கர்த்தரும் தள்ளிப்போடல. நாங்க ரெண்டு பேருந்தான் பேசி தள்ளிப்போட்டுக்கினு கீறோம். என்னை பர்மனென்ட் பண்ற வரைக்கும் கொழந்த வேணாம்."

எங்கள் லைனில் அப்படித்தான். கான்ட்ராக்டில் இருக்கிறவள் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால் அவள் ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்து மூடி பார்த்துக்கொண்டிருப்பாள். இதையும் சொன்னேன். அவர்கள் அதுவரை வந்து கேட்கவில்லை. முதல் வரியிலேயே நின்றுவிட்டார்கள். அத்தை என்னைப் பார்க்காமல் அம்மா பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா சம்மந்தி இந்த கதைய."

"கேட்டேன் சம்மந்தி. வருசக்கணக்குல பட்டினி கெடந்தேன் நானு."

"நான் வேண்டிக்காத வேண்டுதலா."

அதற்கப்புறம் நடந்ததை விவரமாகச் சொன்னால் எனக்குத்தான் அசிங்கம். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் ஒருத்தர் விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தர் எடுத்துப் பேசினார்கள். முடிவெடுத்த இரண்டு பேரில் இன்னொருவர் எங்கே என்று பார்த்தேன். குருவி எப்படி இருக்கிறது என்று பார்க்கிற சாக்கில் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மழை விட்டது. அவர் உள்ளேயிருந்து, குருவி ஜன்னலுக்கு ஏறப் பார்க்கிறது, இறக்கையை அடிக்கிறது என்றார். கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றோம். அது பறக்கவில்லை. தத்தித் தத்திக் கூடத்தைத் தாண்டி, கழற்றிப் போட்ட செருப்புகளைச் சுற்றிக்கொண்டு, வாசல் படியில் நின்று ஒரு தரம் கூவியது. இரண்டே சுரத்தில், ரோட்டில் போகிறவளைப் பார்த்து விசில் அடிப்பது மாதிரி. பிறகு தாழப் பறந்து, வேலியோரத்துப் புதருக்குள் நுழைந்துவிட்டது. மணி பார்க்கச் சொன்னார் அத்தை. ஆறாகவில்லை, கொஞ்சம் முன்னாடிதான்.

இரண்டு மூன்று நாள் அந்தப் புதரடியில் சருகைத் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். பிறகு காணவில்லை. இன்னும் தெற்கே போயிருக்கும் என்றார் என் வீட்டுக்காரர்.

அம்மா ஒரு வாரத்தில் கிளம்ப வேண்டியவள், தீபாவளி தாண்டியும் இருந்தாள். இரண்டு பேரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சமையல் மட்டும் பிரமாதமாக இருந்தது. மீன் குழம்பில் யார் கைப்பக்குவம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஊருக்குப் போகிற அன்றைக்கு அம்மாவின் பையை அத்தைதான் பஸ் ஸ்டாப் வரை தூக்கி வந்தார். நிழற்குடையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். தண்ணி பாட்டில் வாங்கிக்கொண்டு நான் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்தார்கள். என்ன பேசி முடித்தார்கள் என்பது இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.