நரம்பு கட்டுகிறவன் பின்னிய தொப்பி

என் தம்பி ஷட்டில் மட்டைக்கு நரம்பு கட்டுகிறவன். விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருஷமாக அதே முக்காலி. கட்டி முடித்த மட்டையைக் காதருகே வைத்து விரலால் தட்டுவான். கணீரென்று கேட்டால்தான் கீழே வைப்பான். தொளதொளவென்று எது இருந்தாலும் அவனுக்கு ஆகாது. என் வீட்டுக்கு வந்தால்கூடத் துணி காயப்போடும் கொடியை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் உட்காருவான்.

அவன் மகளுக்குத் தலையில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் காதுக்கு மேலே முடியை வழித்த இடத்தில் விரல் நீளத்துக்குத் தழும்பு. பதினைந்து நாளில் பள்ளிக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

"எல்லாரும் பாப்பாங்க. நான் போகமாட்டேன்" என்று அந்த ஒன்பது வயசு ஒற்றைக் காலில் நின்றது. அவள் அம்மா வாங்கி வந்த தொப்பி ஒவ்வொன்றிலும் உள்ளே தையல் மேடு, சொல்லிவைத்த மாதிரி தழும்பிலேயே உரசியது. கம்பளி நூலில் வட்டமாகப் பின்னினால் தையலே வராது என்று நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவளுக்கு நீலத் தொப்பியில் வெள்ளைப் பறவை வேண்டுமாம்.

நான் ஒரே நிறத்தில்தான் பின்னுவேன். இரண்டு நூலை ஒன்றாகப் பிடிக்க என்றைக்குமே பயம்.

"பறவையெல்லாம் அத்தையால ஆகாதும்மா."

"அப்ப நான் பின்னறேன்" என்றான் தம்பி. சிரித்துவிட்டேன்.

பின்னல் ஊசியில் கண்ணி போடுவதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். இரண்டு நிறத்துக்கு, புத்தகத்தை விரித்து வைத்து இரண்டு பேரும் முட்டி மோதினோம். வலது விரலில் நீலம், இடது விரலில் வெள்ளை. ஒரு நிறம் கண்ணியாகும்போது மற்றது உள்பக்கமாகத் தாண்டிப் போக வேண்டும். கட்டம் போட்ட தாளில் வரிசையாகப் பறவைகள். ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி. மட்டைக்குக் கட்டம் கட்டமாகக் கட்டியவனுக்கு எண்ணிக்கை தண்ணீர் பட்ட பாடு. முதல் இறக்கை தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு நூல்தான், அதிலிருந்து ஒரு பறவை எழுந்து வருகிறது!

ஐந்தாம் நாள் தொப்பி முடிந்தது. அழகோ அழகு. ஆனால் அவள் உச்சந்தலையைத் தாண்டி இறங்கவில்லை.

"வலிக்குது அத்தை."

திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஓடிய நூலெல்லாம் மட்டை நரம்பு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

"டேய், இது தலைக்கா, பந்தடிக்கவா?" கோபம் வந்தால் என் நாக்கு நிற்காது.

"தளர விட கை வரமாட்டேங்குதுக்கா" என்றான். முழுத் தொப்பியையும் பிரித்துப் பந்தாகச் சுற்றினான்.

மறுபடி ஆரம்பித்தான். நிறம் மாறும்போதெல்லாம் பின்னிய கண்ணிகளை விரலால் விரித்துவிட்டுத்தான் நூலைத் தாண்டவிட்டான். கை தன்னால் இழுக்கப் போகும். உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்துவான். ஒவ்வொரு கண்ணிக்கும் அந்தப் போராட்டம். என்னைவிட எட்டு வயசு சின்னவன், அவனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொப்பி அவள் தலையில் வழுக்கி இறங்கிக் காதை மூடியது. தழும்பில் கைவைத்துப் பார்த்தாள், வலியில்லை. கழற்றி உள்பக்கத்தைத் திருப்பினாள்.

"அப்பா! உள்ளேயும் பறவை இருக்கு!"

வெளியே வெள்ளைக் கண்ணி இருந்த இடத்திலெல்லாம் உள்ளே நீல நூல் ஓடியிருந்தது. வெள்ளைப் பரப்பில் நீலப் பறவைகள். முதல் தொப்பியையும் நான் திருப்பிப் பார்த்தவள்தான், இருந்த கோபத்தில் கண்ணில் படவில்லை. பின்னியவனே வாயைப் பிளந்தான்.

மறுநாள் நானும் தம்பியும் அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனோம். வாசலில் அவள் என் கையை விடவே இல்லை. வகுப்புத் தோழி ஒருத்தி ஓடிவந்து, "தொப்பி நல்லாருக்கே, எங்க வாங்கினே?" என்றாள்.

"எங்கப்பா பின்னினது. இரு, உள்ளே பாரு!"

என் கையை உதறிவிட்டுத் தலையிலிருந்து தொப்பியை உருவித் திருப்பிப் பிடித்தாள். நாலைந்து தலைகள் அதற்குள் குனிந்தன. தழும்பில் பளிச்சென்று வெயில் அடித்தது. தம்பி பதறிப்போய் அவளிடம் ஓடப் பார்த்தான். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சும்மா இருடா."

மணி அடித்து எல்லாரும் உள்ளே ஓடியபோதும் தொப்பி அவள் கையில்தான் இருந்தது.