ஓட இடமில்லாத உடம்பு

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குப் ‘பனிக்கட்டி’ என்று பெயர். போனில் எவர் எப்படிக் கதறினாலும் அவள் குரல் இம்மியும் அசையாது. முகவரியைக் கேட்டு வாங்கி, வண்டியை அனுப்பி, அது போய்ச் சேரும்வரை அவர்களுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு மத்தியானம், வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே இவள், “மூச்சு இருக்கா? மூக்குகிட்ட கன்னத்தை வச்சுப் பாருங்க” என்றாள்.

“அம்மா, நான்தாம்மா” என்றாள் மகள். அன்றைக்கே அப்பாவை அழைத்து, அம்மாவை டாக்டரிடம் காட்டச் சொன்னாள்.

அவருக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறவளுக்கு இடுப்பு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. தூக்கமோ கோழித்தூக்கம். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிட்டு, பொங்கி வழிந்ததற்கு அவர்மேல் எரிந்து விழுவாள். உட்கார்ந்த இடத்தில் வேலை, சதை போடாமல் என்ன செய்யும் என்று நாத்தனார் கேலி செய்ததைக் கேட்டு அவரும் சும்மா இருந்துவிட்டார்.

பரிசோதனையில் சர்க்கரை எகிறியிருந்தது. டாக்டரம்மா இனிப்பைப் பற்றிக் கேட்கவில்லை, வேலையைப் பற்றிக் கேட்டார்.

“ஒவ்வொரு போனும் உங்களுக்கே வந்த ஆபத்துன்னு மூளை நினைச்சுக்குது. ஓடித் தப்பிக்கட்டும்னு ரத்தத்துல சர்க்கரையைக் கொட்ட வைக்குது. ஆனா நீங்க ஓடல, நாற்காலியில உக்காந்திருக்கீங்க. செலவாகாத சர்க்கரை இடுப்புல கொழுப்பாத் தங்கிடுது.”

பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன் வருஷக்கணக்காக ஓயாமல் ஊறியதில், ஞாபகத்தையும் தூக்கத்தையும் பார்த்துக்கொள்ளும் மூளையின் பகுதிகளும் அசந்துபோயிருக்கலாம் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, வேறு பிரிவுக்கு மாறச் சொன்னார்.

கிடங்குக்கு மாற்றினார்கள். ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், போர்வை. அங்கே போனே கிடையாது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று வீடே நம்பியது.

மாதங்கள் ஓடின. சர்க்கரை பெயருக்குக் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றுகொண்டது. எங்கேயோ கதவு அறைந்தால்கூட அவளுக்குக் கை சில்லிட்டுப்போகும். கணவர் வாசல் மணியைக் கழற்றினார். தன் போனின் சத்தத்தையும் அடக்கி வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு அமைதியாக இருந்தபோது, அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“யாராவது கூப்பிட்டாங்களா?”

“இல்லயே. யாரும் கூப்பிடல.”

அவர் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். “அப்புறம் ஏங்க இது இப்படி அடிச்சுக்குது?”

கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.